வெடித்த கரிசலும் வழவழப்பான வரைபடமும்

ஹைட்ரஸ்-1டி பற்றி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். வயலில் போட்ட உரமோ உப்போ தண்ணீரில் கரைந்து, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணில் எப்படி இறங்கிப் பரவுகிறது என்று கணக்கிடும் மென்பொருள் இது. அந்த மண்ணின் துளைகளில் தண்ணீரும் இருக்கும், காற்றும் இருக்கும். ஈரம் குறையக் குறைய நீர் நகரும் வேகமும் சரியும். இதற்கு 1931இல் ரிச்சர்ட்ஸ் ஒரு சமன்பாடு தந்தார். ஈரத்தையும் மண்ணின் உறிஞ்சுவிசையையும் இணைக்கும் சூத்திரத்தை 1980இல் வான் கெனுக்டன் தந்தார். சும்மா சொல்லக்கூடாது, ரெண்டுமே பெரிய வேலை. வெடிக்காத, ஒரே சீரான மண்ணில் நல்லாவே பொருந்தும்.

சிக்கல் பரளச்சிப் பக்கத்துக் கரிசலில்தான்.

மண்வகைப் பட்டியலில் 'களிமண்' என்று தேர்ந்தெடுத்தால், நீர் கடத்தும் வேகம் நாளுக்கு 4.8 செ.மீ. என்று ஓர் எண் தானாக வந்து உட்காரும். 1988இல் கார்சல், பாரிஷ் இருவரும் அமெரிக்க மண் தரவுகளிலிருந்து எடுத்த சராசரி அது. நம்ம கரிசலோ காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் உப்பி மூடிக்கொள்ளும். அடிப்படை மாதிரிக்கு இது தெரியாது. அதற்கு மண் என்பது அசையாத பஞ்சு மாதிரி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 50 மி.மீ. மழை முழுசும் உள்ளே இறங்குது, மண் 35 சதவீதம் ஈரம் பிடிக்குதுன்னு வைங்க. 50ஐ 0.35ஆல் வகுத்தால் சுமார் 143 மி.மீ. அதாவது மேலே போட்ட நைட்ரேட், சராசரியாக 14 செ.மீ. இறங்கும். களிமண்ணும் எதிர்மின் சுமை, நைட்ரேட்டும் எதிர்மின் சுமை. அதனால் மண் அதைப் பிடித்து வைக்காது, தண்ணீரோடு போகும்.

வெடிப்பு திறந்திருந்தால் இந்த 14க்கு அர்த்தமே இல்லை. அதுவும் ஒரு பக்கம் மட்டும் தப்பாவதில்லை. மழைக்குச் சற்று முன் மேலே தூவிய யூரியா கரைந்து, வெடிப்பு வழியே வேருக்கு எட்டாத ஆழத்துக்கு நேராகப் போய்விடலாம். ஏற்கெனவே கட்டிகளுக்குள் இருக்கும் நைட்ரேட்டோ, தண்ணீர் பக்கத்தில் ஓடினாலும் நனையாமல் அங்கேயே தங்கும். ஒன்றுக்குக் கணக்கு குறைவு, இன்னொன்றுக்கு அதிகம். சராசரி சரியாகவே வந்தாலும் இரண்டு பதிலும் தப்பு.

மென்பொருளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கட்டிக்கு ஒரு பாதை, வெடிப்புக்கு ஒரு பாதை என்று பிரித்துக் கணக்கிடும் வசதியும் அதில் உண்டு. பெரிய துளைகள் பற்றி பெவனும் ஜெர்மனும் 1982லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். ஆனால் வெடிப்பின் பங்கு எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பரிமாற்றம் என்ற எண்களைப் பட்டியலில் எடுக்க முடியாது. வயலில் சாயத் தண்ணீர் ஊற்றி, குழி வெட்டி, சாயம் போன தடத்தைப் பார்க்கணும். கோடை உழவு போட்ட நிலத்தில் ஒரு தடவை, போடாத நிலத்தில் ஒரு தடவை. உழவு வெடிப்பின் வாயை மூடிவிடும், தடமே மாறிப்போகும்.

இது வெறும் கணித வாதமில்லை. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால் முதலில் ஆபத்து கைக்குழந்தைகளுக்கு. உரம் 14 செ.மீ.யில்தான் நிற்கிறது என்று வரைபடம் சொன்னால், கிணற்றை யாரும் சோதிக்க மாட்டார்கள். அடுத்த தடவை யாராவது அப்படி ஒரு வழவழப்பான வரைபடம் காட்டினால் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: இது வெடிப்பு மூடுவதற்கு முன் பெய்த மழைக்கா, மூடிய பின் பெய்த மழைக்கா?