அழுகை பயனற்றதா?

மனித உணர்ச்சிகள் எதற்காகத் தோன்றின என்று ஆராய்வோர், 1872-இல் சார்லஸ் டார்வின் வெளியிட்ட, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் முறை பற்றிய நூலைத் தவிர்க்க இயலாது. அதற்கென 1867-இல் அவர் பதினாறு வினாக்களை அச்சிட்டுப் பல நாடுகளுக்கு அனுப்பினார். விடையளித்தோரில் மிஷனெரிமாரும் இருந்தனர். முகத்தசைகளுள் சில, உணர்ச்சியைக் காட்டுவதற்கென்றே மனிதனுக்கு அருளப்பட்டவை என்றார் சார்லஸ் பெல். டார்வின் அதை மறுத்து, முன்னோர்க்குப் பயன்பட்ட செயல்கள் பழக்கத்தால் நம்மிடம் எஞ்சி நிற்பதே பெரும்பான்மை என்றார்.

அச்சத்திற்கு இவ்விளக்கம் நன்கு பொருந்துகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எர்ணாவூருக்கு வடக்கே பெரியகுப்பம் கடற்கரையருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, நெடியும் அச்சமுமே மக்களை வீட்டைவிட்டு ஓடச் செய்தன. ஆராய்ந்து முடிவு செய்ய அங்கு நேரமில்லை.

அழுகையில்தான் நூல் தடுமாறுகிறது. குழந்தை வீறிடும்போது கண்ணைக் காக்கத் தசைகள் சுருங்குகின்றன. அவ்வழுத்தத்தால் நீர் சுரக்கிறது. ஆகவே கண்ணீர் நோக்கமற்ற உடன்விளைவே என்கிறது ஆறாம் அதிகாரம். ஆயினும் இறுதி அதிகாரத்தில், முகக்குறிப்பே தாய்க்கும் சேய்க்கும் முதல் தொடர்பு என்றும், பிறர் பரிவினால் நம் துன்பம் தணிகிறது என்றும் அவரே ஒப்புகிறார். தோன்றிய வரலாறு வேறு, பெற்ற பயன் வேறு என்னும் இவ்வுண்மை நூலின் நடுவிலேயே நின்றிருக்க வேண்டும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வு பிறர் அறிய மெய்யில் தோன்றுவது. அழுகைக்கு அது கூறும் நிலைக்களன்கள் நான்கு: இழிவு, இழப்பு, முன்னைய நிலை கெடுதல், வறுமை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து, படகும் வலையும் பாழானபோது மீனவர் கண்ணீரில் இவற்றுள் ஒன்றேனும் இல்லாமலிருந்ததா? எனினும் இந்நூல் உணர்ச்சியின் தோற்றத்தை ஆராயவில்லை. அவ்வினாவிற்கு டார்வினிடமே செல்ல வேண்டும்.

எர்ணாவூர்ச் சுனாமி குடியிருப்பில் ஒரு வீட்டில் அழுகுரல் எழுந்தால், காரணம் அறியுமுன்னரே அண்டை வீட்டார் வாசலில் வந்து நிற்பர். அச்சம் ஒருவனை ஓடச் செய்து காக்கிறது. அழுகையோ பிறரை ஓடிவரச் செய்து காக்கிறது. துயருற்றோரை 'உணர்ச்சிவசப்படுகிறார்கள்' என்று ஒதுக்குவோர், அக்குரலுக்குரிய பயனையே தடுக்கின்றனர். கேட்பார் இல்லாதபோதே அழுகை பயனற்றதாகிறது; அது அழுபவரின் குறையன்று.