வலிவு: சாக்ஸபோனின் மேல்ஸ்தாயியும் நம் காதும்

தங்கவயல் தமிழர்களுக்கு ஊதுகிற வாத்தியங்களின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. வடாற்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த நம் முன்னோர்கள் நாயனத்தையும் பம்பையையும் கூடவே கொண்டுவந்தார்கள். பிறகு பேண்டு செட் வந்தது. கல்யாணமோ, சாமி ஊர்வலமோ, சாவோ, லைன் வீடுகளின் நடுவே பேண்டு வரும்போது கிளாரினெட்காரரோ சாக்ஸபோன்காரரோ பாட்டின் உச்சியில் போய் நின்றுகொண்டு இறங்காமல் இருப்பார். உடனே கூட்டத்தில் ஒரு குரல் எழும்: "இன்னாமா தம் கட்றான்யா!" யாராவது ஒருவர் பத்து ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குத்திவிட்டுப் போவார். அந்த வியப்பு நியாயமானது. ஆனால் நாம் எதைக் கேட்டு வியந்தோம்? உயரத்தையா, மூச்சையா, இசையையா? இம்மூன்றும் ஒன்றல்ல என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பழந்தமிழ் இசை நூலோர் மூன்று ஸ்தாயிகளுக்கு இட்ட பெயர்கள் இங்கே நோக்கத்தக்கவை. மெலிவு, சமன், வலிவு என்பன அவை. சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் இச்சொற்களை அறிவார்கள். இன்று நாம் 'மேல்ஸ்தாயி' என்கிறோம். மேல், கீழ் என்று ஏணிக் கணக்கில் பேசுகிறோம். நம் முன்னோர் அதை உயரம் என்று சொல்லவில்லை, வலிவு என்றார்கள். மேலே போகப் போக ஒலி பலப்பட வேண்டும் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு உயரம் ஏறினாலும் அங்கே போய்க் கீச்சென்று இளைத்துப்போகிற ஸ்வரம், கணக்குக்கு மேல்ஸ்தாயியாக இருக்கலாம்; வலிவு ஆகாது. உச்ச ஸ்வரம் வாசிக்கிற எந்தக் கலைஞரையும் இந்த ஒரு சொல்லை வைத்தே எடை போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

நம் ஊர்க்காரர்களின் வியப்புக்கு வேறொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்படும் வரை, நம் ஊரில் மூச்சு என்பது சாதாரண விஷயமாக இருந்ததில்லை. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வெக்கையில், கல்லைத் துளை போட்டவர்கள் அந்தக் கல்தூசியை நெஞ்சிலே வாங்கிக்கொண்டு மேலே வந்தார்கள். சிலிகோசிஸ் என்ற பெயர் பள்ளிக்கூடம் போகாத கிழவிகளுக்கும் தெரிந்த ஊர் இது. சயனைடு மணல்மேட்டை ஒட்டிய பாதையில் பத்தடி நடந்தால் நின்று இளைப்பாறுகிற நாற்பது வயது ஆண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட தெருவில் ஒருவர் முழு நெஞ்சோடு ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிறார் என்றால், கேட்டவர்கள் தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதில் வியப்பென்ன? ராகம் தெரிந்துதான் கைதட்ட வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லிவிட முடியாது.

தவிர, பேண்டு செட்டின் உச்ச ஸ்வரத்துக்கு ஒரு வேலை இருந்தது. டிரம்மும் தாசாவும் அடித்து நொறுக்கும்போது, மைக் இல்லாத திறந்த வெளியில், பாட்டு இன்னது என்று காதுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். அந்தக் கலைஞர்களை யாரும் வித்துவான் என்று அழைத்ததில்லை; சாப்பாட்டுப் பந்தியில்கூடக் கடைசியில்தான் உட்காரவைத்தோம். அது நம் குறை.

இனி நாயனத்துக்கு வருவோம். சாக்ஸபோனைப் பற்றிப் பேச நாகஸ்வரம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் போலத்தான். இரண்டுக்கும் குழாய் ஒரு முனையில் குறுகி மறுமுனையில் விரியும் கூம்பு வடிவம். அதனால் ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால் இரண்டுமே நேராக அடுத்த ஸ்தாயிக்குத் தாவும். கிளாரினெட் அப்படியல்ல; குழாய் நேராக இருப்பதால் ஒரு ஸ்தாயியைத் தாண்டி அதற்கு மேலிருக்கும் பஞ்சமத்தில் போய் விழும். பெல்ஜியத்துக்காரரான அடால்ப் சாக்ஸ் 1846இல் பாரிசில் உரிமம் பெற்ற அந்தப் பித்தளை வாத்தியம், நம் கோயில் வாசலில் நிற்கும் ஆச்சா மரத்து வாத்தியத்துக்கு இவ்வகையில் நெருங்கிய உறவு.

வலிவு என்றால் என்ன என்பதைத் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை செய்த ஒரு காரியத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். அவர் காலத்துக்கு முன்பு திமிரி என்ற குட்டை நாயனம் வழக்கில் இருந்தது. நாலு கட்டைக்கு மேல் சுருதி. தெருவுக்கு ஏற்றது, ஊர் முழுக்கக் கேட்கும். பிள்ளையவர்கள் நீளமான பாரி நாயனத்துக்கு மாறினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தது அது. சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை அளவுக்கு இறங்கிற்று. உயர நின்று வாசிப்பதில் நிகரற்றவர் என்று பேர் வாங்கியவர் தம் வாத்தியத்தையே கீழே இறக்கினார்! அடித்தளம் இறங்கியதும் மேல் ஷட்ஜத்துக்கு ஒரு கனம் வந்தது. அவர் தோடியில் மேல்ஸ்தாயிக்குப் போய் உலாவும்போது கேட்பவருக்குக் காது கூசாது, நெஞ்சு நிறையும். அதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் எஸ். ஜானகியின் குரலும் மேலே ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் பாட்டை நம் வீடுகளில் தெரியாதவர் இல்லை. அங்கும் நாயனம் கத்துவதில்லை என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

இந்த மரபிலிருந்து நம் கர்நாடக மண்ணிலேயே எழுந்தவர் கத்ரி கோபால்நாத். தென்கன்னட மாவட்டத்தில் பண்ட்வாள் பக்கத்துச் சஜீபமூடாவில் 1949இல் பிறந்தவர். தகப்பனார் தனியப்பா நாகஸ்வர வித்துவான். முதல் பாடம் அவரிடம் நாயனத்தில்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர், மங்களூர் கலாநிகேதனத்தில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். சங்கீத நாடக அகாதமி விருது 1996இல், பத்மஸ்ரீ 2004இல். 2019 அக்டோபர் 11ஆம் தேதி மங்களூரில் மறைந்தார். பேண்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றைச் சபையில் பட்டு விரிப்பில் உட்காரவைத்தவர் என்ற முறையில், நம்மைப் போன்ற பேண்டு கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அவர் கொஞ்சம் அதிகமாகவே சொந்தம்.

அவருடைய சாதனை எவ்வளவு உயரம் போனார் என்பதில் இல்லை. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். அவர் வாசித்த ஆல்ட்டோ சாக்ஸபோனுக்குச் சாவிகளாலேயே கிடைக்கும் எல்லை ஏறக்குறைய இரண்டரை ஸ்தாயி. நம் கச்சேரிக்குப் பெரும்பாலும் வேண்டியது மந்திர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி. ஆக, வாத்தியத்தின் இயல்பான எல்லைக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடுகிறது, மிச்சமும் இருக்கிறது. அப்படியானால் கஷ்டம் எங்கே? கமகத்தில். நாயனத்தில் துளையை விரல் நுனியால் பாதி மூடலாம், சீவாளியில் உதட்டை இறுக்கித் தளர்த்தலாம். ஸ்வரம் பாகாக இழுபடும். சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவியும் மெத்தையும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மூடினால் மூடும், திறந்தால் திறக்கும், சர்க்கார் ஆபீஸ் ஜன்னல் மாதிரி. அதிலும் ஸ்தாயி மாறுகிற இடத்தில் ஒரு ஸ்வரத்துக்கு விரல் எதுவுமே அழுந்தியிருக்காது, அடுத்த ஸ்வரத்துக்கு ஆறு விரலும் ஒன்றாக அழுந்த வேண்டும். உச்சியில் இருக்கும் சில ஸ்வரங்களை இடது உள்ளங்கையால்தான் அழுத்த வேண்டும். இந்தப் பள்ளங்களையெல்லாம் தாண்டி ஒரு காந்தாரத்தை அசைக்க வேண்டுமானால், அந்த அசைவு விரலில் பாதியும் உதட்டிலும் தொண்டையிலும் மீதியுமாகப் பிறக்க வேண்டும். கோபால்நாத் வாத்தியத்திலேயே சில மாற்றங்கள் செய்துகொண்டு, பல ஆண்டுகள் உழைத்து, இதைச் சாதித்தார்.

அவர் ஆலாபனையில் தார ஷட்ஜத்துக்கு வந்ததும் அங்கே ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. ரிஷபத்தை எட்டிப் பார்ப்பார், திரும்புவார், காந்தாரத்தின் வாசலைத் தொட்டுவிட்டு நிஷாதத்துக்கு வழுக்கி இறங்குவார். பக்கத்தில் கன்னியாகுமரி அம்மாளின் வயலின் அந்த வளைவை அப்படியே வாங்கிக்கொள்ளும். வயலினில் இயல்பாக வருவதைப் பித்தளையில் முதலில் காட்டியவர் இவர் என்பதை அந்த எதிரொலியில்தான் நாம் உணர்கிறோம். ஒலியும் வலிவானது, மூக்கால் பேசுகிற நாயனச் சாயல் உச்சியில் இன்னும் கூடும். அப்பன் வீட்டுச் சொத்து அது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. துரிதகால கல்பனாஸ்வரத்தில் மேலே ஓடும்போது அந்த வளைவுகள் உதிர்ந்துபோய், ஸ்வரங்கள் ஆர்மோனியக் கட்டைகள் போல் தனித்தனியே நிற்பதுண்டு. சபை ஆர்ப்பரிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். விளம்பத்தில் அவர் செய்த அரிய காரியம் அமைதியாகக் கடந்துபோகும். வேகத்தில் செய்த எளிய காரியத்துக்கு அரங்கம் அதிரும். ஜனங்கள் கொடுத்ததை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வித்துவான் சொல்லுவார்?

1994ஆம் ஆண்டு அவருக்கு இரண்டு மேடை கிடைத்தது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. பிராமனேட் கச்சேரி, கர்நாடக இசைக் கலைஞர் ஒருவர் அங்கு அழைக்கப்பட்டது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் கே. பாலசந்தரின் டூயட், ஏ.ஆர். ரஹ்மான் இசை. திரையில் பிரபு வாயில் வைத்திருந்த சாக்ஸபோனுக்கு மூச்சு கொடுத்தவர் கோபால்நாத். அந்தப் படத்தால் தமிழ் வீடுகளில் அவர் பெயர் நிலைத்தது, நல்லதே. ஆனால் அன்று முதல் சாக்ஸபோன் மேலே ஏறினால் காதலில் தோற்றவன் அழுகிறான் என்று ஒரு பொருள் ஒட்டிக்கொண்டது. அந்த வாத்தியம் வீரமும் பேசும், விளையாட்டும் பேசும் என்பதைக் கேட்க, படத்தை விட்டுக் கச்சேரிப் பதிவுக்குத்தான் வர வேண்டும்.

மேல்நாட்டாரிடம் உச்ச ஸ்வர வழிபாடு இன்னும் தீவிரமானது. சாவிகள் தீர்ந்துபோன பிறகும் தொண்டையையும் நாக்கையும் வெவ்வேறு விதமாக அமைத்து, விரல்களைக் குறுக்கு மறுக்காக வைத்து, மேலும் ஒரு ஸ்தாயிக்கு மேல் ஏறும் வித்தைக்கு அல்ட்டிசிமோ என்று பெயர். ஏர்ல் பாஸ்டிக் என்ற கறுப்பினக் கலைஞர் இதில் சூரர். 1952இல் இளைஞரான ஜான் கோல்ட்ரேன் அவர் குழுவில் வாசித்தார். ஜெர்மனியில் பிறந்த சிகுர்ட் ராஷர் நாலு ஸ்தாயி வாசித்துக் காட்டி, 1941இல் அதற்கென்றே ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். (நம் சுரங்கம் மூடிய அதே 2001இல்தான் அவரும் காலமானார்.) அந்த நூலின் அடிப்படை என்ன தெரியுமா? கீழ் ஸ்வரத்தை ஊதி, அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் மேல் ஒலிகளை ஒவ்வொன்றாக வரவழைப்பது. எந்த ஸ்வரத்தையும் ஊதுமுன் மனத்துக்குள் கேட்டுவிடுவது. நம் ஆசிரியர்கள் விடியற்காலையில் மந்திர ஸ்தாயி சாதகம் செய்யச் சொல்வதும் இதே வழிதானே? கைப்பேசியில் உச்ச ஸ்வர வித்தைகளைப் பார்த்துவிட்டு, "வாத்தியார் ஆறு மாசமா கீழ் சட்ஜத்தையே ஊதச் சொல்றாரு, வேற கிளாஸுக்கு மாத்திடலாம்" என்று சொல்லும் பெற்றோரை பெங்களூரில் குடியேறிவிட்ட நம்மவர்களிடையே சந்திக்கிறேன். வாத்தியாரை மாற்ற வேண்டாம், ஐயா.

1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் கோபால்நாத்தைக் கேட்டு, அவரோடு சேர்ந்து வாசிக்க விரும்பி மேடையேறிய ஜான் ஹேண்டியும் அல்ட்டிசிமோவுக்குப் பேர் போனவர்தான். அலி அக்பர் கானோடு முன்பே வாசித்துப் பழகிய காது அவருடையது. அதனால்தான் உயரத்தில் தன்னைவிடக் குறைவாகப் போகிறவரிடம் தன்னிடம் இல்லாத ஒன்று இருப்பதை உடனே கண்டுகொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

இவ்விரு வழிகளையும் ஒரே இடத்தில் கேட்க விரும்புவோர் 2008இல் வெளிவந்த 'கின்ஸ்மென்' தட்டைத் தேடிப் பிடிக்கலாம். அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பாவும் கோபால்நாத்தும், இருவரும் ஆல்ட்டோ. கன்னியாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் உடன் உண்டு. ருத்ரேஷின் ஒலி கத்தி முனை. மேலே போகும்போது கிழித்துக்கொண்டு போகிறது, அதற்கென்று ஓர் அழகும் துணிச்சலும் இருக்கிறது. கோபால்நாத் அவ்வளவு தூரம் போவதில்லை. ஒரே வாத்தியம், ஏறத்தாழ ஒரே ஸ்வரம். ஒருவர் அங்கே போய்க் கதவைத் தட்டுகிறார், மற்றவர் அங்கே திண்ணை போட்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் எவர் என்று மூன்றாவது நிமிடத்துக்குள் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.