மூன்று மருந்தா, ஆறு மருந்தா?

திரிகடுகம் நடத்தப் போறீங்களா? ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சுக்கு, மிளகு, திப்பிலி கொஞ்சம் வாங்கிட்டுப் போங்க. என் மாணவர்கள் பலருக்குத் திப்பிலின்னா என்னன்னே தெரியவில்லை.

நல்லாதனார் ஒரு வெண்பாவில் மூன்று கருத்துச் சொல்கிறார்; மனத்தில் நிற்கிறது. கணிமேதாவியாரின் ஏலாதி நாலடிக்குள் ஆறை அடைக்கிறது. எனக்கு அது பட்டியலாகத்தான் படுகிறது. இரண்டிலும் மருந்து பெயரில்தான், உள்ளே இருப்பது அறம்.

வள்ளுவரின் ‘மருந்து’ (அதிகாரம் 95) ஒரு மூலிகையையும் பெயர் சொல்லவில்லை. பாதிக்கு மேல் சாப்பாட்டுப் பேச்சுதான்! ஆனால் 950ஆம் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்தோடு, பக்கத்திலிருந்து கவனிப்பவரையும் சேர்த்து நாலாக எண்ணுகிறார். ஆஸ்பத்திரியில் பாட்டியைப் பார்த்துக்கொண்ட ஒரு மாணவி அந்த இடத்தில்தான் தலை நிமிர்ந்தாள்.