எக்ஸ்எல்லில் ஏறிய பலாப்பழம்

இத்தாலியில் கடலோரம் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் வெஸ்பாவை வாடகைக்கு எடுக்கிறார்கள். 1946-ல் பியாஜியோ அதைக் கொண்டுவந்தபோது, போரில் நொடிந்துபோன நாட்டில் சாமானியர்கள் வேலைக்குப் போக ஒரு மலிவு வண்டி, அவ்வளவுதான். சினிமாவும் சுற்றுலாவும் பிறகுதான் மவுசு கூட்டின. 1980-ல் வந்த நம்ம டிவிஎஸ் 50-க்கு அந்த யோகம் அடிக்கவே இல்லை. அதன் இன்றைய வாரிசான எக்ஸ்எல் 100-ஐக் கடலூர்ப் பக்கம் பார்த்தால் மீன் பெட்டியும் பால் கேனும்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் உல்லாசப் பயணமா என்று சிரிப்பார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பிச்சாவரத்துக்கு அதிலேயே கிளம்பினேன். போக மட்டும் எண்பது கிலோமீட்டர் போல வரும்.

வைகாசி மாதம், பண்ருட்டிப் பலா குவிந்து கிடக்கும் நேரம். கிள்ளையில் இருக்கும் சித்திக்கு ஒரு பழம் வாங்கினேன். எக்ஸ்எல்லின் அருமை இங்கேதான் தெரிகிறது. ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள தட்டையான இடத்தில் பழத்தை நிறுத்தி, பழைய சைக்கிள் டியூபால் ஒரு கட்டு. முழங்காலில் முள் குத்தியதே தவிர, பழம் அசையவில்லை. பின் சீட்டைக் கழற்றினால் இன்னும் ரெண்டு பழம் ஏற்றலாம்.

99.7 சிசி என்ஜின், சுமார் 4.3 குதிரைத்திறன். கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டாம். முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப் பக்கம் நாற்பதில் சுகமாக ஓடியது. பதினாறு அங்குலச் சக்கரம் என்பதால், சின்னச் சக்கர ஸ்கூட்டர் 'தொம்'மென்று இறங்கும் பள்ளத்தில் இது ஏறி இறங்கிவிடுகிறது. ஆனால் அரவைக் காலத்தில் எதிரே வண்டி வரும்போது கரும்பு டிராக்டரை முந்தலாம் என்று கனவு காணாதீர்கள். அந்த இழுவை இதில் இல்லை.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணலுக்குள் விட்டுப் பார்த்தேன். ஒல்லி டயர், உடனே புதைந்தது. தொண்ணூறு கிலோவுக்குள்ளான வண்டி என்பதால் ஒரே ஆளாகத் தூக்கித் திருப்பிவிட்டேன். இதே இடத்தில் புல்லட் மாட்டினால் நாலு பேரைக் கூப்பிட வேண்டும். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில். ஃபைபர் படகில் வந்த நெத்திலியும் நண்டும்தான் இருந்தன. வறுத்துக் கொடுத்த அம்மா வண்டியைப் பார்த்துவிட்டு, "யாவாரமா தம்பி? பெட்டியக் காணுமே?" என்றார். நெத்திலி முள்ளோடு மொறுமொறுவென்று இருந்தது. நண்டு சுமார்.

கடலூர் தாண்டி நாலுவழிச் சாலை ஏறியதும் சுகமெல்லாம் போயிற்று. நாற்பத்தைந்துக்கு மேல் ஓட்டினால் ஃபுட்போர்டு அதிர்ந்து உள்ளங்கால் மரத்துவிடுகிறது. சிதம்பரம் பஸ்கள் ஒட்டி உரசிப் போகும்போது காற்றே வண்டியை ஓரத்துக்குத் தள்ளுகிறது. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு இருப்பதால் வண்டி இழுக்காமல் நிற்கிறது. ஆனாலும் முன்னால் போகும் வண்டிக்குத் தாராளமாக இடைவெளி விடுங்கள். டேங்க் வெறும் நாலு லிட்டர், போகும்போதே ஒரு கண் பெட்ரோல் மேல் இருக்கட்டும்.

சிதம்பரத்தில் இட்லிக்குக் கொத்சு. கத்தரிக்காயை மசித்து, புளி விட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டு, எண்ணெய் மேலே மிதக்க வருகிறது. நடராஜருக்குச் சம்பா சாதத்தோடு நைவேத்தியமாகும் பண்டம் இது. சாம்பாரைக் கேட்டு வாங்கி இதன் மேல் ஊற்றுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கிள்ளைச் சாலையில் வண்டிக்கு மறுபடி உயிர் வந்தது. குறுகலான சாலை, குறுக்கே ஆடு, இரு பக்கமும் வயல். பலாப்பழத்தை இறக்கிய சித்தி, "இதுல வச்சா இவ்ளோ தூரம் கொண்டாந்த?" என்று வண்டியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் ஒரு சுற்று. மதிய வெயிலைத் தவிர்த்தால் நல்லது.

ஊர்ச்சாலை, சந்தை, கடற்கரை, கூடவே கொஞ்சம் சுமை என்று இருப்பவர்கள் எக்ஸ்எல் 100-ஐ யோசிக்காமல் வாங்கலாம். வெஸ்பாவைவிட விலையும் வெகு குறைவு. தினமும் நாலுவழிச் சாலையில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வருகிறவர்கள் 125 சிசி வண்டி பாருங்கள். எதை வாங்கினாலும், கடலோரம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்புக் காற்று செயினைத் தின்றுவிடும்.