தலைப்புக்கு ஒரு பாட்டி

ஞாயிறு காலை மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் காய் வாங்கப் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். கழுத்தில் கேமரா, முதுகில் பை, கத்தரிக்காய் விலையே கேட்காத நாலைந்து பேர். அந்த வாரத் தலைப்பு ‘முதுமை’ என்றால் கீரை விற்கும் பாட்டிகள் ஜாக்கிரதை. ‘சிறகு’ என்றால் கூட்டம் பூநாரை தேடிப் பள்ளிக்கரணைக்குப் போய்விடும். பாட்டிகளுக்கு லீவு.

வாரம் ஒரு தலைப்பு, தலைப்புக்கு ஒரு படம். இந்தப் பொழுதுபோக்கைக் கிண்டல் செய்வது சுலபம். இதற்கு மேல் செய்யப்போவதில்லை. ‘செருப்பு’ என்று ஆரம்பித்து ‘விளக்குமாறு’ என்று முடி பார்க்கலாம் என்று காளமேகத்தையே சீண்டிய ஊர் இது. கேமரா வந்த புதிதிலும் தலைப்பு உண்டு. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்கிற ராணுவ கேப்டன், மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக, தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! கல் கோபித்துக்கொள்ளவில்லை.

‘கதவு’, ‘மூன்று’, ‘சிவப்பு’ மாதிரித் தலைப்புகளுக்கு என் ஓட்டு உண்டு. குரோம்பேட்டையில் இருபது வருஷமாக நீங்கள் கடந்துபோகிற தெருதான். அதில் ஒரு வீட்டுக் கதவு பெயின்ட் உரிந்து, உள்ளே நாலு தலைமுறைக் கலரைக் காட்டிக்கொண்டு நிற்பது அன்றைக்குத்தான் கண்ணில் படும். கேமராவை விற்றுவிட்டாலும் அந்தக் கண் போகாது.

வம்பு எங்கே என்றால், ‘நம்பிக்கை’, ‘தனிமை’, ‘வறுமை’யில். இவை தெருவில் கிடைக்கிற சாமான்கள் இல்லை. யாராவது ஒருவர் முகத்தில் நாம்தான் ஒட்டியாக வேண்டும்.

துபாயின் ஹம்தான் பின் முகமது சர்வதேசப் போட்டிக்கு 2019-ல் தலைப்பு ‘நம்பிக்கை’. முதல் பரிசு 1,20,000 டாலர். வென்றவர் மலேசியாவின் எட்வின் ஓங். பேச்சுக் குறைபாடுள்ள ஒரு வியட்நாம் தாய், குழந்தைகளை அணைத்தபடி இருக்கிற படம். பிற்பாடு இன்னொரு படம் வெளியே வந்தது. அதில் அதே தாயைச் சுற்றி ஒரு கேமராக் கும்பல். செட்டப் எல்லாம் இல்லை, வழியில் தற்செயலாக நிறுத்திய இடம் என்றார் ஓங். இருக்கட்டும், நம்புவோம். அதே படத்தை ‘வறுமை’ என்ற தலைப்புக்கு அனுப்பியிருந்தால் பொருந்தியிருக்காதா? ‘தாய்மை’க்கு? அப்படியானால் நம்பிக்கை இருந்தது அந்த அம்மாவின் முகத்திலா, போட்டி அறிவிப்பிலா? பி.காம். படித்தவனுக்கு இன்னொரு கேள்வியும் வரும்: இந்தக் கணக்கில் அந்த அம்மா பெயரில் வரவு எவ்வளவு?

மிருகங்கள் விஷயத்தில் நடுவர்கள் கெட்டி. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் 2009-க்கான முதல் பரிசு, வேலி தாண்டும் ஓர் ஓநாய்ப் படத்துக்குப் போனது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைப் பிடுங்கிவிட்டார்கள். எடுத்தவர் மறுத்தும் பயனில்லை. நம் பக்கத்துச் சின்ன சேலஞ்சுகளில் நான் பார்த்தவரை, போட்டோஷாப் எவ்வளவு போடலாம், வாட்டர்மார்க் எங்கே கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. பாட்டியைக் கேட்டாயா என்று ஒரு வரி இல்லை. ஓநாய்க்குக் கிடைத்த மரியாதை கீரைக்காரம்மாவுக்கு இல்லை.

கேட்டால் ‘கேண்டிட்’ போய்விடுமாம். போகட்டுமே சார். ஒரு கட்டு முளைக்கீரை வாங்கிவிட்டு, பேசிவிட்டு, அப்புறம் எடுங்கள். தலைப்பு கொடுக்கிறவர்களும் கொஞ்சம் இறங்கி வந்து ‘குடை’, ‘திண்ணை’, ‘பழைய சைக்கிள்’ என்று கொடுக்கலாம். சேலையூர் முழுக்க அலைந்தாலும் திண்ணை கிடைப்பது கஷ்டம். அதுதான் சேலஞ்ச்!

‘முதுமை’தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சொந்தப் பாட்டியை எடுங்களேன். “இருடா, தலைய வாரிக்கிட்டு வரேன்” என்று உள்ளே போவார். பத்து நிமிஷம் ஆகும். பரிசெல்லாம் கிடைக்காது. படத்தில் சுருக்கம் குறைந்து பவுடர் தூக்கலாக இருக்கும்.