யாப்பும் விலக்கும்: கறுப்பு-வெள்ளைத் தெருப் புகைப்படமும் கோலார் தங்கவயலும்

யாப்பு என்பதற்குக் கட்டுதல் என்பது பொருள். வெண்பா பிற தளைகளை விலக்கி வெண்டளையை மட்டுமே ஏற்கும். ஈற்றடி முச்சீரோடு முடியும். இவ்விலக்குகளே அதன் செறிவுக்குக் காரணமாகின்றன. கறுப்பு-வெள்ளைத் தெருப் புகைப்படத்தின் நடையும் இவ்வாறே கட்டுப்பாட்டிலிருந்து பிறக்கிறதா, பொன்னின் பெயரைத் தாங்கிய கோலார் தங்கவயலை வண்ணமின்றிக் காட்டுவது தகுமா என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கலைஞன் விதித்துக்கொண்ட விதி

பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் (1908–2004) பெரும்பாலும் லைக்கா கேமராவையும் 50 மி.மீ. லென்சையுமே கையாண்டார், ஃபிளாஷைத் தவிர்த்தார், படத்தின் ஓரங்களை வெட்ட உடன்படார். தொலைவிலிருப்பதை அருகிழுக்கும் லென்ஸ் இல்லாமையால் மனிதரை நெருங்கிச் செல்ல வேண்டியதாயிற்று. பின்னர் வெட்டித் திருத்தும் வழியை அடைத்துக்கொண்டமையால் படத்தின் அமைப்பை எடுக்கும் கணத்திலேயே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. 1950இல் மதுரையில் அவர் எடுத்த படமொன்றில், பசியால் மெலிந்த குழந்தையின் உடலும் வண்டிச்சக்கரத்தின் ஆரங்களும் அருகருகே அமைந்து ஒன்றையொன்று உணர்த்துகின்றன. வண்ணம் இருந்திருப்பின் இவ்வடிவ ஒப்புமை இத்துணைத் தெளிவுற்றிராது. எனினும், 1932இல் பாரிசில் நீர்த்தேக்கத்தைத் தாண்டும் மனிதனை எடுத்த அவரது புகழ்மிக்க படம் ஓரம் வெட்டப்பட்டதே. விதிக்குப் புறனடையும் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

மறுப்பும் விடையும்

ரகுபீர் சிங் (1942–1999) இந்நெறியை ஏற்கவில்லை. இந்தியப் பார்வை வண்ணத்தோடு பிறந்தது என்றும், கறுப்பு-வெள்ளை மேலைநாட்டு மனநிலைக்குரியது என்றும் அவர் வாதிட்டார். இது புறந்தள்ளத்தக்க கருத்தன்று. ஆயினும் 1986இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தைச் செபஸ்தியாவோ சல்காடோ கறுப்பு-வெள்ளையில் எடுத்த படங்கள் இதற்கு விடை தருகின்றன. அவற்றில் பொன்னின் நிறம் இல்லை. சேறு படிந்த உடல்களும் ஏணிகளும் மூட்டைகளுமே உள்ளன. நிறம் விலகியவிடத்து உழைப்பு முன்நிற்கிறது.

தங்கவயல்

தங்கவயலுக்கு இது பெரிதும் பொருந்தும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப்பணியில் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகள் உழைத்தனர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்கள் தோண்டிய பொன் அங்கில்லை. சயனைடு கழிவுமண் மேடுகளே எஞ்சின.

இங்கு ஓர் இடர் கருதத்தக்கது. கறுப்பு-வெள்ளை எதனையும் பழமையாகக் காட்டவல்லது. துருவேறிய சுரங்கக் கோபுரத்தை மட்டும் நாடும் படம், வாழும் மக்களையும் இடிபாட்டோடு சேர்த்துவிடும். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலும், பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்குச் செல்வோர் கூடும் மாரிக்குப்பம் ரயில் நிலையத்திலும் ஊர் உயிரோடுதான் இருக்கிறது. விடியற்காலையின் குறையொளியில் ஃபிளாஷ் இன்றி அவர்களைப் படமெடுக்க விழைபவர் அருகில் சென்று காத்து நிற்றல் வேண்டும். கட்டுப்பாடு நடையாவது அங்கேதான்.

முடிவாக, வண்ணத்தை விலக்குதல் மட்டுமே நடையாகிவிடாது. வெண்டளை பிழையாது அமைந்தும் கவிதையாகாத வெண்பாக்கள் உண்டு. விலக்கு, கலைஞனை மனிதரிடம் கொண்டுசேர்க்குமாயின் அது யாப்பு. அவரிடமிருந்து அகற்றுமாயின் வெறும் ஒப்பனையே எனலாம்.