வகுப்பறையின் சாட்சியம்

திருகோணமலையிலிருந்து பத்திரிகைகளுக்குப் போகும் கல்விச் செய்திகளைத் தொகுத்து வைத்து நோக்குவோமாயின், அவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிவுகள் வெளியானதும் அச்சேறும் மாலையணிந்த சிறுமுகங்கள் ஒரு வகை. புதிய கட்டடத்தின் வாயிலில் நாடா வெட்டும் பிரமுகர்களின் படங்கள் இன்னொரு வகை. ஆசிரியர் இல்லையென்று பெற்றோர் பாடசாலைக் கதவைப் பூட்டி நடத்தும் மறியல் மூன்றாவது வகை. வெற்றி, விழா, மறியல் ஆகிய இம்மூன்றுக்கும் இடையே, ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் வகுப்பறைக்குள் நடப்பது யாது என்பதை இச்செய்திகளிலிருந்து எவரும் அறிய முடியாது.

மறுபுறத்தில், அந்த 200 நாட்களும் வகுப்பறைக்குள்ளேயே நிற்பவர் எழுதுவது யாது? நம் ஆசிரியருட் பலர் பேனா பிடிக்கத் தெரிந்தவர்களே. ஆயினும் அவர்தம் எழுத்திற் பெரும்பகுதி பரிசளிப்பு விழா மலரின் வாழ்த்துப்பாவாகவும், ஓய்வுபெறும் அதிபருக்கான பாராட்டுரையாகவும், பரீட்சை வழிகாட்டியாகவும் செலவழிந்து போகின்றது. தம் முன்னே அமர்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு வாசிக்க வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைப் பற்றி ஒரு வரிதானும் அவற்றில் இல்லை.

நிருபர் நிகழ்ச்சியை அறிவார். ஆசிரியர் நிலைமையை அறிவார். நிகழ்ச்சியை மட்டும் சொல்லும் எழுத்து மறுநாளே பழையதாகிவிடுகின்றது. நிலைமையை அறிந்தும் சொல்லாத அறிவோ ஊமை கண்ட கனவாய் முடிகின்றது. இவ்விரண்டும் ஒன்றுசேராத வரை கல்வி பற்றிய எழுத்து மக்களுக்குப் பயன்படப் போவதில்லை என்பதே நம் கருத்து.

இது வெறும் இலக்கியத் தருக்கமன்று; உயிரோடு சம்பந்தப்பட்டது. கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மக்கள், நம்மவர் 'பாதை' என வழங்கும் மிதவையில் ஏறியே நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டனர். அன்று நாடெங்கிலுமிருந்து பத்திரிகையாளர் வந்தனர், தலைப்புகள் எழுந்தன, சில நாட்களில் அடங்கின. நாம் கேட்பது இதுதான்: அம்மிதவையில் ஏறி வருகின்ற பிள்ளை நனைந்த காலோடு வந்ததும், பிந்தி வந்ததும், சில நாள் வராமலே நின்றதும் எந்த ஏட்டிற் பதிவாகும்? வகுப்பு வரவு இடாப்பில். விபத்துக்கு முன்னரே எழுதக்கூடிய செய்தியின் பாதி அவ்விடாப்பில் கிடக்கின்றது. விபத்துக்குப் பின் எழுதப்படுவது அனுதாபம். முன் எழுதப்படுவதே எச்சரிக்கை.

ஆசிரியர் ஏன் எழுதுவதில்லை என்பதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகக் காட்டுவது நேர்மையாகாது. அரச ஊழியர் முன் அனுமதியின்றித் தம் கடமை சார்ந்த விடயங்களை வெளியிடுவதைத் தாபன விதிக்கோவை தடுக்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், பாடசாலைகளிற் பிள்ளைகள் பசியால் மயங்கி விழுகின்றனர் என்னும் செய்தி அரச ஊழியர் வாயிலாகவே வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் பொது நிருவாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களிற் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என அது நினைவூட்டியது. பிள்ளையின் பசி குற்றமாகவில்லை. அதைக் கண்டவன் சொன்னதே குற்றமாயிற்று! இத்தகைய ஆணைகள் எதற்கு அஞ்சுகின்றன என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். எதிர்க்கட்சி மேடையில் ஒருவர் 'கல்வி சீரழிந்துவிட்டது' என்று முழங்கினால் அதிகார பீடம் அசைவதில்லை. 'என் வகுப்பில் இன்று இத்தனை பேர் காலையுணவின்றி வந்தனர்' என ஓர் ஆசிரியை எழுதும் ஒற்றை வரிக்கே அது அஞ்சுகின்றது. ஏனெனில் முன்னதை மறுத்துப் பேசலாம். பின்னதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

நிருபருக்கும் இந்நகரில் எழுத்து இலகுவான தொழிலாக இருந்ததில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தனர் என்றே முதலிற் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்களோ அவ்வுடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் பதின்மூவரும் போதிய சான்றில்லை என 2019இல் விடுவிக்கப்பட்டனர். மாணவரின் பேரால் உண்மையைச் சொன்ன ஒருவருக்கு இவ்வூர் கண்ட முடிவு இது. நாடா வெட்டும் படங்களை அனுப்புவதோடு பல நிருபர் அமைதியடைந்ததன் பின்னணியில் இவ்வச்சமும் உண்டு என்பதை மறந்து அவர்களைப் பழிப்பது அநீதி. எனினும், அச்சத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதையே மரபாக்கிக்கொள்வது வேறு.

நமக்கு வேறொரு மரபும் உண்டு. மூதூர் தந்த வ. அ. இராசரத்தினம் ஆசிரியப் பணி புரிந்தவர். மீனவர் வாழ்வை எழுதிய 'தோணி' என்னும் சிறுகதை அவர் பெயரை நிலைநிறுத்திற்று. தாம் வாழும் கரையின் மனிதரை உற்று நோக்கிய கண்ணே அவரை எழுத்தாளராக்கியது. அக்கண் இன்றைய ஆசிரியரிடமும் இருக்கின்றது. அது கட்டுரைக்கு இறங்கி வர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இத்தாலியில் பார்பியானா என்னும் மலைக்கிராமப் பள்ளியின் சிறுவர் எண்மர், பாதிரியார் லொரென்சோ மிலானியின் வழிகாட்டலில், 1967இல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை வெளியிட்டனர். தம்மைச் சித்தியடையாதோராக்கி வெளியே தள்ளிய கல்வி முறையின் மீது அவர்கள் எழுதிய குற்றப்பத்திரிகை அது. வெறும் ஆத்திரத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. எந்த வகுப்பில் எத்தனை பேர் விலகினர், அவர்தம் தந்தையரின் தொழில் யாது என எண்ணிக் கணக்கிட்டுக் காட்டினர். உழவரின் பிள்ளைகளே பெரிதும் வெளியேற்றப்படுகின்றனர் என்னும் உண்மை அக்கணக்கிலிருந்து எழுந்தது. உணர்ச்சியும் எண்ணிக்கையும் கைகோத்த எழுத்து எத்துணை வலிமையுடையது என்பதற்கு அந்நூலினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆசிரியர் எழுதிவிட்டால் அது தானாகவே உண்மையாகிவிடும் என்றும் நாம் கூறவில்லை. ஆசிரியர் எழுத்தில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு குறை உண்டு. பிள்ளை பின்தங்கினால் 'பெற்றோருக்கு அக்கறையில்லை' என்று ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிடுவர். தந்தை துறைமுகத்தில் இரவு வேலைக்குப் போகின்றார், தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் பிறர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கின்றாள் என்றால், பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர் யார்? அக்கறையின்மை எனத் தோன்றுவது பல வேளைகளில் வறுமையின் மறுபெயரே. அன்றியும், மாலையில் தனியார் கல்வி நிலையத்திற் பணம் பெற்றுப் படிப்பிக்கும் ஆசிரியர், காலையில் அதே பாடத்தை எவ்வாறு படிப்பிக்கின்றார் என்னும் கேள்வியையும் ஆசிரியர் எழுத்தே எழுப்ப வேண்டும். தன் வர்க்கத்தை விசாரிக்க அஞ்சும் எழுத்து பிறரை விசாரிக்கும் தகுதியை இழந்துவிடும்.

நிருபர் எழுத்தின் குறையோ வேறு விதமானது. 2018இல் திருகோணமலை சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றித் தகராறு எழுந்தபோது, ஒரு பாடசாலையின் விவகாரம் விரைவிலேயே இரு சமூகங்களின் மோதலாக உருவெடுத்தது. எந்தப் பத்திரிகையை எச்சமூகத்தவர் வாசிக்கின்றனரோ அதற்கேற்பச் செய்தியும் நிறம் மாறியது. அதே மாவட்டத்தில் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் பொதுவான குறைகள் பல இருந்தன. கிராமப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாமை எவ்வினத்துக்கும் தனியுரிமையன்று. அவற்றுக்கு அத்தகைய தலைப்புகள் கிடைத்ததில்லை. பிரிப்பது செய்தியாகின்றது, பொதுவானது செய்தியாவதில்லை. இந்நோய்க்கு மருந்து வகுப்பறையிலிருந்தே வரவேண்டும்.

ஆகவே நாம் விரும்பும் எழுத்து எத்தகையது? இடத்தையும் நாளையும் எண்ணையும் அது கூற வேண்டும். பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் காக்க வேண்டும். வறுமையைக் காட்டும் ஆர்வத்தில் ஒரு சிறுமியைக் காட்சிப்பொருளாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தனித்து நின்று எழுத இயலாத ஆசிரியர் தொழிற்சங்கத்தின் வாயிலாகச் சேர்ந்து எழுதலாம். நிருபரிடம் வேறொரு கருவியுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு வலயத்தில் எந்தெந்தப் பாடங்களுக்கு எத்தனை வெற்றிடம் உண்டு என எழுத்து மூலம் கேட்க எப்பிரசைக்கும் உரிமையுண்டு. ஆசிரியரின் அனுபவம் கேள்வியை வகுக்கட்டும்; நிருபரின் விண்ணப்பம் விடையைக் கொணரட்டும். வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ ஆசிரியரில்லாத ஒரு வகுப்பைப் பற்றிய கட்டுரை அவ்வாறு எழுதப்படின், அதை 'மிகைப்படுத்தல்' என்று எந்த அதிகாரியும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

கன்னங்கராவின் முயற்சியால் 1945 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாடசாலையைப் பொதுமக்களின் சொத்தாக்கியது. தன் சொத்தின் நிலையை அறியும் உரிமை உடையவனுக்கு உண்டு. லிங்கநகரிலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் தொழிலாளி தன் மகன் ஆறாம் ஆண்டில் ஏன் இன்னும் எழுத்துக் கூட்டுகின்றான் என்று கேட்கின்றார். வாழ்த்துப்பா அதற்கு விடை சொல்லாது. மாலையணிந்த படமும் விடை சொல்லாது. விடை தெரிந்தவர் கரும்பலகையின் முன்னே வெண்கட்டியோடு நிற்கின்றார். அவரை எழுத வைப்பதும், எழுதியதற்காக அவர் தண்டிக்கப்படும் நாளில் அவருக்குத் துணை நிற்பதும் வாசகராகிய நம் அனைவரின் கடமையாகும்.